பூஜ்யங்களைச் சுற்றி

கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் பற்றி எழுதுவதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கும், அதைக் கண்டெடுத்துக் கையில் வைத்துக்கொள்வதற்கும் நடுவில் ஒரு தூரம் உண்டு. கவிதை படிக்கிறவனுக்கு அந்தத் தூரம் தெரியும். ஒரு வரியில் ஏதோ நிற்கிறது, நிற்பது நிச்சயம், என்ன என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. நம் விமர்சகர்களில் பலருக்கு இந்தச் சங்கடமே கிடையாது. பையில் கொண்டுவந்ததைக் கவிதைக்குள் போட்டு, அங்கேயே கண்டெடுத்துக் காட்டி, கைதட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பல்லுறுப்புக் கோவைகளின் பூஜ்யங்களைத் தேடும் காரியத்தில் இந்தத் தூரம் ஒளிவுமறைவில்லாமல், அளந்து பார்க்கும்படியாகவே, கிடக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொல். பாடநூல்கள் 'பூச்சியம்' என்று அச்சிடுகின்றன. நான் பூஜ்யம் என்றே எழுதிப் பழகியவன். பூஜைக்கு உரியது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல், நம்மிடம் ஒன்றுமில்லாததற்குப் பெயராக நின்றுவிட்டது. மடாதிபதியின் பெயருக்கு முன்னால் போடுவதும் அதுவே; தோற்ற பையனின் விடைத்தாளில் போடுவதும் அதுவே. இதில் பெரிய தத்துவம் இருப்பதாகப் பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு ருசிப்பது வேறு. பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. காலி இடத்தை நிரப்பச் சுழி போட வேண்டிய அவசியம் எழவில்லை. இல்லாததற்கு ஓர் எழுத்து இல்லாமலே நிலத்துக்கும் நெல்லுக்கும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும்.

இனி கோவை. தெரியாத எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். உலகம் முழுவதும் அதற்கு எக்ஸ் என்று பெயர். அச்சுக்கோர்ப்பவரைச் சிரமப்படுத்தாமல் நான் 'ய' என்று எழுதுகிறேன். அதைத் தன்னோடு பெருக்கி, இன்னும் ஒரு முறை பெருக்கி, ஒவ்வொன்றையும் இத்தனை மடங்கு என்று எடுத்துக் கூட்டிக் கழித்து வைத்தால் பல்லுறுப்புக் கோவை. ய³ − 7ய + 6 என்பது ஒன்று. ய-வின் இடத்தில் 4ஐப் போட்டால் 64 − 28 + 6, அதாவது 42. பூஜ்யத்தைப் போட்டால் 6. ஒன்றைப் போட்டால் 1 − 7 + 6, எல்லாம் அணைந்துவிடுகிறது. எந்த எண்ணைப் போட்டால் கோவை அணைகிறதோ அந்த எண் கோவையின் பூஜ்யம். பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். "ஒண்ணு எப்படி சார் பூச்சியமாகும்?" என்று வருஷாவருஷம் ஒருவராவது கேட்கிறார்கள். ஒன்று ஒன்றாகத்தான் இருக்கிறது. அதன் முன்னால் கோவைதான் ஒன்றுமில்லாமல் போகிறது. படம் வரைந்தால் வளைவரை மேலே ஏறி, வளைந்து, இறங்கி, படுக்கைக்கோட்டை வெட்டிப் போகும் இடங்கள் பூஜ்யங்கள். இந்தக் கோவைக்கு அவை 1, 2, −3.

இந்த மூன்று எண்கள் தெரிந்தால் போதும், கோவை முழுவதும் திரும்பக் கிடைக்கும். (ய − 1), (ய − 2), (ய + 3) மூன்றையும் பெருக்கினால் ய³ − 7ய + 6 வந்து நிற்கும். 1637இல் டேகார்ட் இதை எழுதி வைத்துவிட்டார். அந்தக் கோவை எந்த எண்ணிடம் என்ன சொல்லும் என்பதெல்லாம் அது மௌனமாகும் மூன்று இடங்களிலேயே தீர்மானமாகிவிட்டது.

பாடநூல் இந்த வசதியைத் திருப்பிப் போட்டுப் பிழைக்கிறது. கணக்குப் போடுகிறவர் 1, 2, −3 என்று முதலில் விடையை எழுதிக்கொள்கிறார். பெருக்கி விரிக்கிறார். விரித்ததைக் கேள்வி என்று கொடுக்கிறார். பிள்ளை அதைச் சுருக்கி, அவர் ஒளித்து வைத்ததை எடுத்துக் கொடுக்கிறது. தொகுமுறை வகுத்தல் என்று இதற்கு ஒரு சடங்கும் உண்டு. ஒளித்து வைக்காத கோவை ஒன்றைத் தன் பள்ளி வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஒருவன் வெளியே வந்துவிடலாம். உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் கோவை எதுவும் இப்படி முழு எண்களில் அணைந்து கொடுப்பதில்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை. விமர்சனத்தைப் பற்றி மேலே சொன்னேனே, அந்தப் பழக்கத்தின் பள்ளிக்கூடப் பருவம் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கரிவலம்வந்தநல்லூரில் மாலை நேரங்களில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் அவர்களில் ஒரு பெண். பெயர் வேண்டாம்; அவள் படித்த பள்ளியின் பெயரும் வேண்டாம். அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளில் மேலே சொன்ன கணக்கு வந்தது. ஆனால் அச்சில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 5 விழுந்திருந்தது. ய³ − 7ய + 5. வகுப்பில் பாதிக்கு மேல் 1, 2, −3 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். நோட்ஸில் இருக்கிற கணக்கு. எண்ணைப் பார்க்காமலே எழுதலாம். இவள் எண்ணைப் பார்த்தாள். ஒன்றைப் போட்டாள்: −1. இரண்டைப் போட்டாள்: −1. −3ஐப் போட்டாள்: மறுபடியும் −1. சடங்கு கைவிட்டுவிட்டது. பிறகு மற்ற எண்களைப் போட்டாள். பூஜ்யத்தில் 5, மூன்றில் 11, −2இல் 11. விடைத்தாளில் இப்படி எழுதினாள்: 'பூச்சியங்கள் மூன்று. ஒன்று 0க்கும் 1க்கும் நடுவில். ஒன்று 2க்கும் 3க்கும் நடுவில். ஒன்று −3க்கும் −2க்கும் நடுவில்.' திருத்தியவர் சிவப்பு மையில் 'விடை?' என்று எழுதிப் பூஜ்யம் போட்டிருந்தார்.

அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், நீங்க அந்த மூணும் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவள் செய்தது என்ன என்று பார்க்க வேண்டும். பூஜ்யத்தில் கோவை தரைக்கு மேலே 5இல் நிற்கிறது. ஒன்றில் தரைக்குக் கீழே 1இல். மேலேயிருந்து கீழே அறுபடாமல் வரும் கோடு தரையைத் தொடாமல் வந்திருக்க முடியாது. தொட்ட இடம் எது என்று தெரியாது, தொட்டது நிச்சயம். எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிகிற இந்த விஷயத்தைத் தர்க்கத்தால் நிரூபிக்க வேண்டும் என்று 1817இல் போல்ட்ஸானோ என்ற ப்ராக் நகரத்துப் பாதிரியாருக்குத் தோன்றியது. அதுவரை அது வெறும் கண்கூடாகவே இருந்தது. இருப்பை மட்டும் நிரூபித்து, இருப்பதைக் காட்டாமல் விடும் தேற்றங்களில் அதுதான் என் மனசுக்கு நெருக்கமானது. அந்தப் பெண் யாரும் சொல்லிக் கொடுக்காமல் தேர்வு அறையில் அதைத் தொட்டிருக்கிறாள். 'விடை?' என்ற கேள்விக்கு அதுதான் விடை.

ஆனாலும் எவ்வளவு என்று கேட்கிறாளே. முப்படிக் கோவைகளுக்குச் சூத்திரம் உண்டு. அதன் கதை அசிங்கமான கதை. போலோன்யாவில் தெல் ஃபெர்ரோ என்பவர் கண்டுபிடித்து, ரகசியமாக வைத்திருந்து, 1526இல் செத்துப்போனார். தார்த்தாலியா தனியாகக் கண்டுபிடித்தார். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று கார்தானோவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு 1539இல் அவருக்குச் சொன்னார். சொன்னது செய்யுளாக. (நம் கணக்கதிகாரமும் செய்யுள்தான், சூத்திரத்தை மனசில் நிறுத்த ஓசையைத் தவிர வேறு ஆணி அப்போது எங்கும் கிடையாது.) தெல் ஃபெர்ரோவின் தாள்களைப் பார்த்தபின் சத்தியம் கட்டுப்படுத்தாது என்று கார்தானோ முடிவு கட்டி, 1545இல் புத்தகத்தில் அச்சிட்டுவிட்டார். வாழ்நாள் பகை.

சூத்திரத்தில் ய³ − 7ய + 5ஐப் போட்டுப் பார்த்தால் ஒரு வர்க்கமூலக்குறிக்குள் 25/4இலிருந்து 343/27ஐக் கழிக்கச் சொல்கிறது. −697/108 வருகிறது. மைனஸின் வர்க்கமூலம். எந்த எண்ணைத் தன்னோடு பெருக்கினாலும் மைனஸ் வராது என்று ஏழாம் வகுப்பிலிருந்து சொல்லி வளர்த்த பிள்ளையிடம் இதை எப்படிக் காட்டுவது? கோவைக்கு மூன்று பூஜ்யங்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். மூன்றும் சாதாரண எண்கள், நேர்க்கோட்டில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவை. சூத்திரமோ இல்லாத எண்கள் வழியாகத்தான் அங்கே கூட்டிப்போவேன் என்கிறது. கார்தானோ இதைப் பார்த்து ஒதுங்கினார். 1572இல் பொம்பெல்லிதான் துணிந்து உள்ளே இறங்கினார். ய³ = 15ய + 4 என்ற சமன்பாட்டுக்கு 4 ஒரு விடை என்பது பார்த்தாலே தெரிகிறது; சூத்திரம் அங்கேயும் −121இன் வர்க்கமூலத்தைக் கொண்டுவருகிறது. பொம்பெல்லி அதற்குப் பயப்படாமல், கூட்டல் பெருக்கல் விதிகளை வகுத்துக்கொண்டு நடந்தார். கடைசியில் இல்லாதவை இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, 4 மிஞ்சியது. வேறு நல்ல வழி ஏதாவது இருக்குமா என்று 300 வருஷம் தேடினார்கள். மூன்று பூஜ்யங்களும் நேர்க்கோட்டில் இருந்து, அவற்றில் ஒன்றுகூட விகிதமுறு எண்ணாக இல்லாவிட்டால், மூலக்குறிகளால் எழுதும் வழி கோட்டை விட்டு இறங்கித்தான் திரும்பி வரவேண்டும், தப்பிக்க வழியில்லை என்று 19ஆம் நூற்றாண்டில் நிரூபித்து முடித்தார்கள். ஒரு அச்சுப்பிழை அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தியது சரியாக இந்த இடத்தில். 6 இருந்திருந்தால் அவள் இதைப் பார்த்திருக்க மாட்டாள்.

நாற்படிக்கும் சூத்திரம் கிடைத்தது. கார்தானோ புத்தகத்திலேயே அவர் சீடர் ஃபெர்ராரியின் பெயரால் இருக்கிறது. ஐந்தாம் படியில் எல்லாம் நின்றுபோயிற்று. இங்கே கும்பகோணத்துக்கு வர வேண்டும். ராமானுஜனைப் பற்றி நாமகிரித் தாயார் கனவில் வந்து எழுதிக் கொடுத்த கதையை ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 1902இல், பதினைந்து வயது நிரம்பும் காலத்தில், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை அவருக்கு யாரோ காட்டியிருக்கிறார்கள். நாற்படிக்கு அவரே தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். மறு வருஷம் ஐம்படியில் கை வைத்தார். பொதுவான ஐம்படிக்கு மூலக்குறிச் சூத்திரம் சாத்தியமே இல்லை என்று நார்வேயில் ஆபெல் 1824இலேயே நிரூபித்திருந்தார். எந்தச் சமன்பாடு வழிவிடும், எது விடாது என்று பிரித்துச் சொல்லிவிட்டு 1832இல் இருபது வயதில் கால்வா துப்பாக்கிச் சண்டையில் செத்தும் போயிருந்தார். இந்தச் செய்தி கும்பகோணத்துக்கு வந்து சேரவில்லை. இல்லாத கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பையன் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த அந்த 1903தான், அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் அசைக்கும் வருஷம். ராயல் சொஸைட்டி எல்லாம் பிறகு.

ஆபெல் சொன்னதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ய⁵ − ய − 1 என்ற கோவைக்குப் பூஜ்யம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறது; ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், 1.167க்குப் பக்கத்தில். எத்தனை தானம் வேண்டுமானாலும் நெருங்கலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலக்குறி என்ற ஐந்தை வைத்துக்கொண்டு அதன் பெயரை எழுதி முடிக்க முடியாது, அவ்வளவுதான். பெயரில்லாமல் இருப்பது இல்லாமல் இருப்பதாகாது. புதுக்கவிதை புரியவில்லை என்று முப்பது வருஷம் புலம்பியவர்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

ராமானுஜன் அந்தக் கதவை விட்டுவிட்டு வேறு பக்கமாக வந்தார் என்பதற்கு அவருடைய நோட்டுப் புத்தகங்கள் சாட்சி. 1957இல் பம்பாய் டாடா நிறுவனம் அவற்றைப் படியெடுத்து வெளியிட்டது. புரூஸ் பெர்ன்ட் 1985இலிருந்து 1998 வரை ஐந்து தொகுதிகளில் ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் தேடிக் கொடுத்தார். சமன்பாட்டின் மிகச் சிறிய பூஜ்யத்தை நெருங்குவதற்கு ஒரு முறை அதில் இருக்கிறது. டேனியல் பெர்னூலி 1728இல் கண்டதோடு ஒத்துப்போவது. நீளம் அகலத்தைவிட ஓரடி கூட, பரப்பு ஒரு சதுர அடி, அகலம் என்ன? ய² + ய = 1. முறை சொல்வது: 1, 1 என்று தொடங்கு, கடைசி இரண்டையும் கூட்டிக்கொண்டே போ. 1, 1, 2, 3, 5, 8, 13, 21. முந்தையதைப் பிந்தையதால் வகு. 8/13 என்பது 0.615, 13/21 என்பது 0.619. பூஜ்யம் 0.618.

இந்த வரிசை கவிதைக்காரர்களுக்குச் சொந்தமானது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையைக் குறிலும் நெடிலுமாக எத்தனை விதத்தில் நிரப்பலாம்? நான்கு குறில், நெடிலோடு இரண்டு குறில் மூன்று விதமாக, இரண்டு நெடில், ஆக ஐந்து. ஐந்து மாத்திரைக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. ஃபிபோனாச்சி 1202இல் முயல் வளர்ப்பதற்கு முன்னாலேயே யாப்பு எழுதிய விரஹாங்கர் இதைச் சொல்லியிருக்கிறார். 1150 வாக்கில் ஹேமசந்திரர் மறுபடியும் சொன்னார். தமிழ் யாப்பு அசையை எண்ணும், மாத்திரையைச் சந்தத்துக்குத்தான் எண்ணும் என்பதால் நம் இலக்கணக்காரர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு சந்தத்தை எத்தனை விதமாக நிரப்பலாம் என்ற கேள்விக்கு அடியில் ஓர் இருபடிக் கோவையின் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆறாத ஆச்சரியம்.

அந்தப் பெண்ணின் கோவையில் இதே முறையைப் போட்டுப் பார்த்தோம். ய³ − 7ய + 5 பூஜ்யமாவது என்றால், 1.4ய − 0.2ய³ ஒன்றாவது. ஆகவே விதி: கடைசி எண்ணை 1.4ஆல் பெருக்கு, மூன்று இடம் முந்தியதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி. 1, 1.4, 1.96 என்று தொடங்கி 2.544, 3.2816, 4.2022, 5.3743, 6.8678. பக்கத்துப் பக்கத்து எண்களை வகுத்தால் 0.7704, 0.7752, 0.7809, 0.7819, 0.7825. மெதுவாக, மாட்டுவண்டிபோல, வருகிறது. வேறு வழியில் சரிபார்த்தால் பூஜ்யம் 0.7828க்கும் 0.7829க்கும் நடுவில். கால்குலேட்டரில் ஒரு பொத்தான் அழுத்தினால் ஆகிற வேலைதான்; ஆனால் எட்டு எண்களைக் கையால் எழுதி, எண்கள் தானாக ஓரிடத்தை நோக்கி நகர்வதைப் பார்க்கிற அனுபவம் அதில் இல்லை. மற்ற இரண்டும் 2.166, −2.949 பக்கத்தில். மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். கோவையில் ய² இல்லை என்பதற்கு அர்த்தமே அது. கூட்டிப் பார்த்தாள். மூன்றாம் தானம் வரை சரியாக வந்தது.

பூஜ்யங்கள் இப்படித் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்வதில் மிகவும் தூரம் போனவர் தி. விஜயராகவன். 1902இல் பிறந்து 1955இல் மறைந்தவர். ஹார்டியிடம் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். முழு எண்களால் ஆன, முதல் கெழு ஒன்றாக உள்ள கோவை. அதன் பூஜ்யங்களில் ஒன்று மட்டும் ஒன்றைத் தாண்டி வெளியே நிற்கிறது, மற்றவை எல்லாம் ஓரடி ஆர வட்டத்துக்குள். அந்த வெளியே நிற்பதன் அடுக்குகளை எடுத்துக்கொண்டே போனால் அவை முழு எண்களை உரசிக்கொண்டு வரும். ய² − ய − 1இன் பெரிய பூஜ்யமான 1.618ஐப் பத்து தடவை பெருக்கினால் 122.99. எல்லாப் பூஜ்யங்களின் அடுக்குகளையும் கூட்டினால் முழு எண்; உள்ளே இருப்பவை அடுக்கில் தேய்ந்து காணாமல் போவதால் வெளியே இருப்பது மட்டும் முழு எண்போல வேஷம் போடுகிறது. பிரான்சில் பிஸோவும் இவரும் தனித்தனியே ஆராய்ந்ததால் உலகம் இவற்றைப் பிஸோ–விஜயராகவன் எண்கள் என்கிறது. நம் பாடநூல்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியில் கணக்கு அங்கேதான் வந்து சேர்கிறது. சங்கரன்கோவிலுக்கு வடக்கே ராஜபாளையம் சாலையில் இருக்கிறது. பால்வண்ணநாதர் கோயில். சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என்று சுற்றுவட்டாரத்தில் ஐந்து தலங்களைப் பஞ்சபூதங்களுக்குப் பங்கிட்டதில் எங்களுக்கு விழுந்தது நெருப்பு. அந்த நெருப்புக்கு ஒரு கதை உண்டு. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர் இங்கேயும் வந்தார். பாண்டியர் ஒருவர் சேர்த்து வைத்த சுவடிகள் கோயிலில் இருந்தன என்று கேள்விப்பட்டு வந்தவருக்குக் கிடைத்த பதில், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பதால் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் சேர்த்துவிட்டார்கள் என்பது. என் சரித்திரத்தில் அவர் எழுதியிருக்கிறார். பூஜ்யமாகக் கருதிப் பூஜ்யமாக்கினார்கள். இருந்தது என்று தெரிகிற ஒன்றை இனி ஒருபோதும் காண முடியாது என்பதும், இருக்கிறது என்று தெரிகிற ஒன்றை இன்னும் காணவில்லை என்பதும் வேறு வேறு. முன்னது எனக்குத் தாங்கக்கூடியதாக இல்லை.

தப்பியது இந்தக் கருவையைப் பாடிய அந்தாதிகள். 16ஆம் நூற்றாண்டுத் தென்காசிப் பாண்டியர் அதிவீரராமர் பெயரில் வழங்கும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கம். கடைசிப் பாட்டு முதல் பாட்டில் வந்து மண்டலிக்கும். சுற்றி வருவது இந்த ஊருக்குப் பழக்கமான காரியம். கரி என்றால் யானை; யானை வலம் வந்த நல்லூர்.

இப்போது கணக்கு. மைனஸின் வர்க்கமூலத்தை ஏற்றுக்கொண்டபின் எண்கள் ஒரு கோட்டில் நிற்பதில்லை. தரை முழுவதும் பரவிவிடுகின்றன. இரண்டைப் பெருக்கினால் அவற்றின் கோணங்கள் கூடும். கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் ஒருவர் ஒரு வலம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் தன்னைச்சுற்றி முழுசாக ஒரு தடவை திரும்ப வேண்டியிருக்கும். வீதிக்கு வெளியே நிற்கிறவன் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டுப் பழைய நிலைக்கே வருவான்; ஒரு சுற்று ஆகாது. கோவை என்பது அதன் பூஜ்யங்களிலிருந்து ய வரைக்கும் உள்ள தூரங்களின் பெருக்கல்தானே. ஆகவே ய ஒரு வலம் வரும்போது கோவையின் மதிப்பு எத்தனை தடவை மையத்தைச் சுற்றுகிறது என்று எண்ணினால், உள்ளே எத்தனை பூஜ்யங்கள் என்று தெரிந்துவிடும். உள்ளே போக வேண்டாம். ஒன்றையும் காண வேண்டாம். எந்தப் படிக் கோவைக்கும் அந்தப் படியின் எண்ணிக்கையளவு பூஜ்யங்கள் உண்டு என்று 1799இல் காவுஸ் தன் ஆய்வேட்டில் நிரூபிக்க எடுத்துக்கொண்டதை, இன்று இப்படி ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றியே காட்டிவிடலாம்.

அவளுக்குச் சொன்னது இப்படி. ஓரடி ஆர வட்டத்தில் ய நடக்கட்டும். ய³ − 7ய + 5இல் அங்கே பெரியது −7ய, அதுதான் யானை. கோவையின் முழு மதிப்பு, பாகன். யானை கோயிலிலிருந்து எப்போதும் 7 அடியில் ஒரு வலம் வருகிறது. யானைக்கும் பாகனுக்கும் இடையே கயிறு, ய³ + 5. அது 6 அடிக்கு மேல் நீளாது. கயிறு எட்டாததால் பாகன் கோயிலுக்கு அந்தப் பக்கம் நழுவ முடியாது. யானை எத்தனை வலமோ அத்தனை வலம் அவனும் வந்தாக வேண்டும். ஒரு வலம், ஒரு பூஜ்யம். நாம் மாட்டுவண்டியில் போய்ப் பார்த்த 0.7828.

மூன்றடி ஆரத்துக்குப் போனால் யானை மாறிவிடுகிறது. இப்போது பெரியது ய³. கோயிலிலிருந்து 27 அடி; ய ஒரு வலம் வருவதற்குள் இது மூன்று வலம் வந்துவிடும். கயிறு −7ய + 5. அதிகம் போனால் 21ம் 5ம் சேர்ந்து 26 அடி. பாகனும் மூன்று வலம். பூஜ்யங்கள் மூன்றும் உள்ளே இருக்கின்றன.

"ஒரு அடிதானா சார் மிச்சம்?" என்றாள்.

ஓரடிதான். கயிறு முழுசாக இழுபடுவது ய −3இல் இருக்கும்போது. அப்போது யானை −27இல், பாகன் கோயிலுக்கு ஓரடி தள்ளி, −1இல் நிற்கிறான்.

கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நான் பரீச்சையில போட்டுப் பாத்தப்ப வந்த மைனஸ் ஒண்ணுல்லா சார்" என்றாள்.